கயிறில்லாமல் கடலுக்கு மேலே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்து ஸ்வானேஜ் ஊருக்கு மேற்கே நீளும் சுண்ணாம்புக்கல் செங்குத்துகளைப் பற்றியும், அங்கே கயிறு கட்டாமல் கீழேயுள்ள கடல்நீரை மட்டும் நம்பிப் பாறையேறுவோரைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். டீப் வாட்டர் சோலோயிங் எனப்படும் இந்த ஏற்றத்தில், உச்சியை நோக்கிப் போகாமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரையோரமாகவே நகர்ந்து செல்லும் டிராவர்ஸ் வகையைப் பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் தெளிவாகக் கேட்டவரின் வரிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கயிறு இல்லாமல் பாறையேறுவதைப் பாராட்டி எழுதுவது பொறுப்பற்ற செயல் அல்லவா? இந்தப் பழக்கத்தை யார் தொடங்கினார்கள்?
– ஒரு வாசகர், மதுரை

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரைக்கு மேலே கயிறில்லாமல் ஏறுவதும் ஆழமான நீருக்கு மேலே கயிறில்லாமல் ஏறுவதும் ஒன்றல்ல. முதலாவதில் ஒரு பிடி தவறினால் உயிர் போகும். இரண்டாவதில், நீர் போதிய ஆழமுடையதாகவும் உயரம் அளவானதாகவும் இருந்தால், தவறியவர் நனைந்து, நீந்தி, மறுபடியும் ஏறத் தொடங்கலாம். அந்த "இருந்தால்" என்ற சொல்லுக்குள் எத்தனை நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன என்பதை அடுத்தடுத்த பதில்களில் பார்க்கலாம்.

தொடக்கத்தைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் செல்வதுதான் மூத்தது என்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே கார்ன்வால் கரையில் ஆர்தர் வெஸ்ட்லேக் ஆண்ட்ரூஸ் என்பவர் கடற்பாறைகளைத் தேடித் தேடி ஏறினார். 1902இல் தம் சகோதரி எல்சியுடன் பொசிக்ரான் முனையின் நீண்ட பாறைமுகட்டை ஏறியவர் அவர். கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம்; உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட பாறையைப் பிடித்துக்கொண்டே பிரிட்டன் தீவு முழுவதையும் சுற்றி வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. நிறைவேறாத கனவுதான், ஆனால் மலையுச்சியையே குறியாகக் கொண்டிருந்த ஒரு தலைமுறையில், உச்சியே இல்லாத ஒரு பாதையை ஒருவர் மனத்தில் வரைந்து பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நாம் இன்று பார்க்கும் வடிவம் பின்னால் வந்தது. ஸ்பெயினின் மயோர்கா தீவில் மிகேல் ரியேரா 1978இல் பால்மா நகரத்தை ஒட்டிய போர்ட்டோ பீ பகுதியில் நீருக்கு மேலே கயிறில்லாமல் ஏறத் தொடங்கினார். அங்கே இதற்கு சீக்கோப்ளாக் என்று பெயர். டார்செட்டில் 1980களில் கானர் கோவ் என்ற சிறு கரை வளைவில் நிக் பக்லியும் அவரைப் பின்பற்றியவர்களும் இதைத் தனி விளையாட்டாகவே வளர்த்தார்கள். அமெரிக்கப் பாறையேறி கிறிஸ் ஷர்மா 2006இல் மயோர்காவின் எஸ் போன்டாஸ் என்ற, கடலில் நிற்கும் பாறை வளைவை ஏறிய பிறகு உலகம் முழுவதும் இதைக் கவனித்தது. அவருடைய ஏற்றத்துக்கும் இங்கே நாம் பேசும் பக்கவாட்டு நகர்வுக்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது ஒரு சில அசைவுகளில் உடல்வலிமையின் எல்லையைத் தொடுவது. பின்னது மணிக்கணக்கில் கடலோடு பேரம் பேசுவது.

கேள்வி: சவுதாம்ப்டனில் படிக்கும் என் மகன் வார இறுதிகளில் நண்பர்களோடு இதற்குப் போகிறான். "தண்ணீருக்கு மேலே நாலு மீட்டர்தான் அம்மா, மேலே ஏறுவதே இல்லை, பக்கவாட்டில்தான் போகிறோம், விழுந்தால் குளித்த மாதிரிதான்" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். அதுவே 10 மீட்டர் என்றால் 50 கிலோமீட்டர். 20 மீட்டர் என்றால் 71 கிலோமீட்டர். ஆகவே நீரில் மோதுவதால் ஏற்படும் அடியை மட்டும் கணக்கில் எடுத்தால், தாழ்வாகப் பக்கவாட்டில் செல்பவர் உயரே ஏறுபவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் இந்த விளையாட்டில் விழுவது ஒரு நொடிச் செய்தி. விழுந்தவர் நீரிலிருந்து எப்படி வெளியேறுவார் என்பதுதான் நீண்ட செய்தி, அதில்தான் பக்கவாட்டு வழி மேல்நோக்கிய வழியைவிடக் கடினமானது.

மேலே ஏறும் ஒருவர் தமக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு நீர்ப்பரப்பைச் சோதித்தால் போதும். அங்கே ஆழம் இருக்கிறதா, மூழ்கிய பாறை இருக்கிறதா என்று முகமூடி அணிந்து ஒருமுறை முங்கிப் பார்த்துவிடலாம். 60 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் போகிறவருக்கோ அந்த 60 மீட்டரும் சோதிக்கப்பட வேண்டும். செங்குத்திலிருந்து எப்போதோ உடைந்து விழுந்த பெரும் கற்கள் நீருக்கு அடியில் குவிந்து கிடக்கும்; சில இடங்களில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாறை படிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். தாழ்வான இடத்திலிருந்து விழுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு: பாறையை விட்டு வெளியே தள்ளிக் குதிக்கவோ உடலை நேராக்கிக்கொள்ளவோ நேரம் இருப்பதில்லை.

அடுத்தது, வெளியேறும் வழி. தொடங்கிய இடத்தில் நிற்க ஒரு திட்டு இருக்கிறது, முடியும் இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது. நடுவில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. நீர்மட்டத்தில் பாறை அரித்து உள்வாங்கியிருந்தால் நீரிலிருந்து எம்பிப் பிடிக்க எதுவும் எட்டாது; எட்டும் இடங்களில் கொட்டலசுகள் ஒட்டியிருந்து உள்ளங்கையைக் கிழிக்கும். அப்படியானால் முன்னோக்கியோ பின்னோக்கியோ நீந்தித்தான் ஆக வேண்டும். இதை யோசிப்பவர்கள்கூட மறக்கும் ஒன்று இருக்கிறது. பாறையிலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் கைகள் ஓய்ந்துபோனதால்தான் விழுகிறார். முன்கைகள் இறுகி, விரல்கள் மூடவும் திறக்கவும் மறுக்கும் நேரத்தில் விழுகிறார். அந்தக் கைகளை வைத்துக்கொண்டுதான் அவர் நீந்த வேண்டும், கயிற்றையோ பாறையையோ பற்றி மேலேற வேண்டும்.

இவற்றோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்செட் கடலின் வெப்பநிலை குளிர்காலத்தின் இறுதியில் 8 பாகை செல்சியஸ் அளவிலும், ஆகஸ்ட், செப்டம்பரில் 17, 18 பாகை அளவிலும் இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்து வளர்ந்தவருக்கு அந்தக் கோடைக்கடலே நடுக்கும். 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கிறது. அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் கடல்நீர் நுரையீரலுக்குள் போகிறது. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இந்தக் குளிர் அதிர்ச்சியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். மூச்சுத் திணறல் முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை அடைந்து ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், உடனே நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தபடி மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. எல்லாருக்கும் சொல்லிவரும் அறிவுரை. அந்த ஓரிரு நிமிடங்கள் அலை அவரைப் பாறையில் மோதாமல் விட்டுவைக்குமா என்பது அன்றைய கடலைப் பொறுத்தது. அதற்குப் பிறகும் குளிர்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டால் விரல்களும் கைகளும் சொன்னபடி கேட்பது குறையத் தொடங்கும்.

மகனைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. இருபது வயதுப் பிள்ளையைத் தஞ்சாவூரிலிருந்து தடுக்கவும் முடியாது. அடுத்த முறை பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: விழுந்தால் எந்த இடத்தில் கரையேறுவாய், அங்கே கயிறு தொங்குகிறதா, உயர் ஓதம் எத்தனை மணிக்கு, அலையின் உயரம் என்ன, நீருக்கு அருகிலோ படகிலோ யார் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? தயங்காமல் பதில் வந்தால் அவர் தகுந்த நண்பர்களோடு போகிறார் என்று பொருள். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் அம்மா" என்று வந்தால், நீங்கள் கவலைப்படுவதில் தவறே இல்லை.

கேள்வி: நான் லண்டனில் வசிக்கிறேன், உள்ளரங்கச் சுவர்களில் ஐந்தாறு ஆண்டுகளாக ஏறுகிறேன், நன்றாக நீந்துவேன். கூட்டமில்லாத ஒரு கடற்பாறைப் பகுதியில் இதைத் தொடங்க எப்போது, எப்படிப் போகலாம்?
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம்

முதலில் கூட்டமில்லாத என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். தொடங்குகிறவருக்குக் கூட்டம் நல்லது. ஆன்வில் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்கும் டான்சிங் லெட்ஜ் என்ற பாறைத் தளத்துக்கும் இடையிலான கரையில், கானர் கோவ் போன்ற பலர் வந்துபோகும் இடங்களில் கோடை மாலைகளில் அனுபவசாலிகள் இருப்பார்கள். எங்கே ஆழம், எங்கே கல், எங்கே கரையேறலாம் என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொள்வது எந்த வழிகாட்டி நூலையும்விட மேலானது. யாருமே வராத அமைதியான கரை என்றால், விழுந்ததைப் பார்க்கவும் ஆளில்லாத கரை என்று பொருள். அந்த அழகை அனுபவிக்க ஓரிரு பருவங்கள் கழித்துப் போகலாம்.

பருவத்தை நீரும் பறவைகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கில்லிமாட், ரேசர்பில் போன்ற கடற்பறவைகள் இந்தச் செங்குத்துகளின் திட்டுகளில் கூடுகூடக் கட்டாமல் வெறும் பாறையில் முட்டையிடுகின்றன. ஆள் நடமாட்டத்தால் மிரண்டு தாய்ப்பறவை திடுக்கென எழுந்தால் முட்டை உருண்டு கடலில் விழும். அதனால் ஸ்வானேஜை உள்ளடக்கிய பர்பெக் கரையின் பல பகுதிகளில் மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூலை இறுதிவரை ஏறுவதில்லை என்று ஏறுவோரின் அமைப்பான பிரிட்டிஷ் மலையேற்ற மன்றமும் நில உரிமையாளர்களும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எந்த வளைவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை அந்த மன்றத்தின் இணையப் பட்டியலில் புறப்படும் அன்றே பார்த்துவிடுங்கள். கடலும் ஆகஸ்டில்தான் ஓரளவு சூடாகிறது. ஆக, பறவைகள் பாறையைக் காலிசெய்வதும் கடல் மனிதர் தாங்கும் நிலைக்கு வருவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் நிகழ்கின்றன.

ஓதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளரங்கச் சுவரில் பழகியவர்களுக்குச் சுவரின் உயரம் மாறும் என்பதே புதிய எண்ணம். ஸ்வானேஜ் பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூட உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு 2 மீட்டருக்குள்தான். இதே விளையாட்டு நடக்கும் வேல்ஸ் நாட்டுப் பெம்ப்ரோக் கரையில் அது 6 மீட்டரைத் தாண்டும். மயோர்காவிலோ ஓதம் இருப்பதே தெரியாது. இரண்டு மீட்டர்தானே என்று எண்ணக் கூடாது. நீர் 2 மீட்டர் இறங்கினால் விழும் உயரம் 2 மீட்டர் கூடுகிறது, நீரின் ஆழம் அதே 2 மீட்டர் குறைகிறது; காலையில் தாராளமாக விழக்கூடிய இடம் மாலையில் கால் எலும்பை ஒடிக்கும் இடமாகிவிடலாம். பக்கவாட்டுப் பயணத்தில் இதற்கு எதிர்ச்சிக்கலும் உண்டு: ஆழம் வேண்டும் என்று உயர் ஓதத்தில் போனால், கால் வைக்க வேண்டிய திட்டுகளே நீருக்குள் போயிருக்கும், அல்லது அலை நனைத்து வழுக்கும். உயர் ஓதத்துக்குச் சற்று முன்பு தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. பூல், ஸ்வானேஜ் வட்டாரத்தின் ஓதம் சாதாரணமாக ஏறி இறங்காமல் உச்சத்தில் நெடுநேரம் தங்கி நிற்கும் இயல்புடையது. தாமதமானாலும் ஆழம் சட்டென்று கைவிடாது என்பதில் ஏறுவோருக்கு அது ஒரு கொடை.

கரையை ஒட்டிய நீர் அமைதியாகத் தெரிந்தாலும், மேற்கே செயின்ட் ஆல்டெல்ம் முனையைச் சுற்றி ஓதநீர் ஆறுபோல் ஓடுகிறது. படகோட்டிகளே அஞ்சும் இடம் அது. வளைவுகளுக்குள் இருக்கும்வரை அது உங்களைத் தொடாது. முனையைச் சுற்றிச் செல்லும் எந்தப் பக்கவாட்டு வழியையும் வேறு கணக்கில் வையுங்கள்.

பாறை நிறத்தாலேயே பேசும். நீருக்கு மிக அருகில் கொட்டலசுகளும் பாசியும் உள்ள பட்டை. அதற்கு மேலே தார் பூசியதுபோல் ஒரு கருப்புப் பட்டை, அது ஒருவகைப் பாறைப்பாசி, காய்ந்திருக்கும்போது பரவாயில்லை, நனைந்தால் கால் நிற்காது. அதற்கும் மேலே ஆரஞ்சும் சாம்பலுமாக உலர்ந்த சுண்ணாம்புக்கல். நல்ல பக்கவாட்டு வழி என்பது கூடுமானவரை கருப்புக்கு மேலேயே செல்வது. தெற்கு நோக்கிய கரை என்பதால் வெயில் நன்றாக விழும். ஆனாலும் குகைகளின் உட்சுவர் நண்பகல்வரை வியர்த்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு விடிகாலையில் போகிறவர்கள் நனைந்து திரும்புவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கேள்வி: வழிகாட்டி நூல்களில் எஸ்0, எஸ்1 என்று போட்டிருக்கிறார்களே, என்ன பொருள்?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ஏறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வழக்கமான தரக்குறி ஒன்று இருக்கும். எஸ் குறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. டார்செட்டின் ஏறுவோரில் ஒருவரான மைக் ராபர்ட்சனின் முயற்சியால் பரவிய முறை இது. எஸ்0 என்றால் பெரும்பாலான ஓதநிலைகளில் ஆழம் போதும். எஸ்1 என்றால் ஓதத்தைப் பார்த்துப் போக வேண்டும், உயரமும் சற்று அதிகமாக இருக்கலாம். எஸ்2 என்றால் நிறைந்த உயர் ஓதம் தேவை, விழும் இடத்தையும் தேர்ந்தெடுத்து விழ வேண்டும். எஸ்3 என்றால் விழவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு வழிக்கு இந்தக் குறி முழுமையாகப் பொருந்துவதில்லை என்பது என் குறை. நீண்ட வழி ஒன்றுக்கு ஒரே எண் கொடுத்தால், அதன் பெரும்பகுதி எஸ்0 ஆகவும் ஒரு பத்தடி மட்டும் எஸ்3 ஆகவும் இருப்பதை அந்த எண் மறைத்துவிடும். மேலும் கரையேறும் வழியின் கடினத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கேள்வி: என்னென்ன பொருள்கள் வேண்டும்? உயிர்காப்பு மேலாடை அணிந்துகொண்டே ஏறினால் என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உயரத்திலிருந்து விழும்போது மிதவை மேலாடை நீரில் சட்டென நின்றுவிடும், உடல் கீழே போகும். அதனால் அது மேலேறித் தாடையிலும் கழுத்திலும் அடிக்கக்கூடும். ஏறுபவர் அணியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் துணைக்கு வரும் படகில் இருப்பவர் கட்டாயம் அணிய வேண்டும். குளிர்ந்த நாட்களில் வெட்சூட் எனப்படும் மெல்லிய ரப்பர் நீச்சலுடை அணிந்து ஏறுவோர் உண்டு. தோளைக் கொஞ்சம் இறுக்கினாலும் வெப்பமும் மிதப்பும் தருகிறது.

பொருள்களில் முதலிடம் கயிற்றுக்குத்தான். கயிறில்லா ஏற்றத்துக்குக் கயிறா என்று சிரிக்காதீர்கள்: செங்குத்தின் மேலிருந்து கடலோரத் திட்டுக்கு இறங்கும் கயிற்றை அங்கேயே தொங்கவிட்டு, நுனியில் முடிச்சுகள் போட்டுவைத்தால், விழுந்தவர் பற்றி ஏறும் வழியும் அதுவே. நடுவில் வெளியேற இடமில்லாத வழியென்றால் கயிற்றேணி ஒன்றை நடுப்பகுதியிலும் தொங்கவிடலாம், அல்லது காற்றடித்த சிறு படகையோ கயாக்கையோ நீரில் வைத்திருக்கலாம். ஆழம் பார்க்க நீச்சல் முகமூடி வேண்டும். விரல் வியர்வைக்கான மெக்னீசியம் கார்பனேட் பொடியை நாம் சாக் என்கிறோம். ஒருமுறை விழுந்தால் பை முழுவதும் களியாகிவிடும் என்பதால் இரண்டு மூன்று சிறு பைகளில் பிரித்து, நீர்புகாப் பையில் வைத்துக்கொள்வார்கள். காலணியும் பழையதாக இரண்டு இணை இருந்தால் நல்லது. கடற்காவல் படையை அழைக்க பிரிட்டனில் 999. செங்குத்தின் அடியில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்குமா என்பதை மேலே இருக்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குதித்துப் பழகினால் விழும் பயம் போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து பழகலாம்?
– கல்லூரி மாணவர், சேலம்

நீங்கள் எழுதியிருக்கும் முழுக் கடிதத்தையும் படித்தேன். உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எண்ணம் அதில் தெரிகிறது. அதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இதே டார்செட் கரையில் டர்டில் டோர் என்ற புகழ்பெற்ற பாறை வளைவு இருக்கிறது, உயரம் சுமார் 60 மீட்டர். 2020 மே 30 அன்று அதன் மேலிருந்து குதித்த மூவர் கடுமையாகக் காயமுற்று, மீட்பு வானூர்திகள் கடற்கரையில் இறங்க வேண்டியிருந்தது. அவர்கள் ஏறுவோர் அல்லர், வேடிக்கைக்குக் குதித்தவர்கள். ஏறுவோர் விழும் உயரத்தைக் குறைக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

கட்டுப்பாட்டோடு விழக் கற்பது வேறு, அது தேவை. பயிற்சியாளர் உள்ள நீச்சல்குளத்தில் 1 மீட்டர், 3 மீட்டர் பலகைகளே போதும். கால்கள் சேர்ந்து, உடல் நேராக, கைகள் உடலோடு ஒட்டி, பார்வை நேரே இருக்க வேண்டும்; கீழே குனிந்து பார்த்தால் நீர் முகத்தில் அறையும். உட்கார்ந்த நிலையில் விழுவதுதான் முதுகெலும்புக்கும் வால் எலும்புக்கும் மிகக் கெடுதி. பாறையிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து விழும்போது உடல் இயல்பாக அந்த நிலைக்குத்தான் போகும் என்பதால், கை ஓய்கிறது என்று தெரிந்தவுடனேயே, கடைசிப் பிடிவரை போராடாமல், தாமாக விட்டுக் காலால் இறங்குவது நல்ல வழக்கம்.

கேள்வி: எங்கள் முட்டம் கடற்கரையில் பெரும் பாறைகள் இருக்கின்றன, கடலும் குளிராது. இங்கே ஏன் இதைச் செய்யக்கூடாது?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

நீர் குளிராது என்பது உண்மை; மற்றவை அனைத்தும் எதிராக இருக்கின்றன. டார்செட்டில் பாறை செங்குத்தாக நின்று அப்படியே ஆழத்தில் இறங்குகிறது. முட்டத்தில் பாறைகள் உருண்டு, சரிந்து, பிளவுபட்டுக் கடலுக்குள் போகின்றன. மேலே இருக்கும் அதே பாறைதான் நீருக்குள்ளும் கிடக்கிறது. அவற்றுக்கிடையே அலை குடத்தை அமுக்கினாற்போல் பீறிட்டு ஏறி, அதே வேகத்தில் வடிகிறது.

உங்கள் கரைக்கு இன்னொரு பகையும் உண்டு. தெற்கே வெகு தொலைவில், அண்டார்க்டிகாவை ஒட்டிய கடற்பரப்பில் எழும் புயல்களின் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் ஏறுகின்றன. மீனவர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கடல் இழுத்துச் சென்றது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காயிஸ், இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. டார்செட்டிலும் இதே இயற்பியல்தான்: அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயலின் நீண்ட அலை ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்து வரும். அதனால்தான் அங்குள்ளவர்கள் அலையின் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகளையும் பார்க்கிறார்கள். அரை மீட்டர் உயர அலை ஐந்து நொடிக்கு ஒன்று வந்தால் அது உள்ளூர்க் காற்றின் சிறு சலசலப்பு. அதே அரை மீட்டர் பன்னிரண்டு நொடிக்கு ஒன்று வந்தால் அது நெடுந்தூரம் வந்த கனமான நீர், குகைக்குள் நுழைந்ததும் ஆளைத் தூக்கிக் கூரையில் மோதக்கூடியது. அப்படிப்பட்ட அலைகள் தொகுதியாக வரும். இடையில் பத்து நிமிடம்கூடக் கடல் உறங்குவதுபோல் இருக்கும். பாறைக்கு இறங்குமுன் மேலே உட்கார்ந்து கால் மணி நேரமாவது கடலைப் பார்க்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பூல் நகரில் மகள் வீட்டுக்கு வரவிருக்கிறேன். ஏறுகிற வயது எனக்கில்லை. ஆனால் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

தாராளமாகப் பார்க்கலாம், ஐயா. ஸ்வானேஜ் செல்லும் வழியில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற சிற்றூரில் இறங்கினால், புல்வெளிகளுக்கு நடுவே டான்சிங் லெட்ஜுக்குப் பாதை இறங்குகிறது. திரும்பும்போது ஏற்றமாக இருக்கும் என்பதால் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அது இயற்கையாக அமைந்த திட்டு அல்ல. கல்லுடைப்போர் வெட்டி எடுத்துப் படகுகளில் ஏற்றி அனுப்பியது போக மிஞ்சிய தளம். ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கல் இங்கிருந்தும் போயிருக்கிறது. கீழ்த்தளத்தில் பாறையை வெடிவைத்துக் குடைந்த சிறு நீச்சல்குளம் ஒன்று உண்டு, அருகிலிருந்த பள்ளிச் சிறுவர்களுக்காக வெட்டியது. ஓதம் ஏறும்போது கடலே அதை நிரப்பிவிடும். மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்குக் கைகளையும் ஊன்றித்தான் இறங்க வேண்டும். நீங்கள் மேலேயே நின்றுகொள்ளலாம், பார்வைக்கு ஒன்றும் குறையாது.

மே, ஜூனில் வந்தால் தொலைநோக்கி கொண்டுவாருங்கள். கில்லிமாட்டுகள் திட்டுகளில் நெருக்கியடித்து நிற்கும், அந்தப் பகுதிகளில் ஏறுவோர் எவரும் இருக்க மாட்டார்கள். ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில், உயர் ஓதம் பிற்பகலில் வரும் நாளாகப் பார்த்து வாருங்கள். ஓத அட்டவணையை மகளின் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.